அந்தரத்தில் இறங்கி வந்த தேயிலை

மலைமீது லாரிகள் ஓடாத ஒரு காலத்திலே, மூணாற்றுத் தேயிலை நம் போடிநாயக்கனூருக்கு எவ்விதம் வந்து சேர்ந்தது, தெரியுமா?

கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களில் பக்குவம் செய்து பெட்டிகளில் அடைத்த தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே சின்னஞ்சிறு ரயிலில் மலைவிளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷனை அடைந்து, அங்கிருந்து இரும்பு வடத்தில் தொங்கியபடி, மேகத்தையும் சோலைக்காட்டையும் கடந்து, அடிவாரத்துக் கொட்டகுடியில் இறங்கி, பிறகு வண்டியேறிப் போடிக்குப் பிரயாணம் செய்தது. அடிவாரக் குரங்கணியில் நின்று அந்தச் செங்குத்தான சரிவை அண்ணாந்து பார்த்தவர்களுக்கே, அதன்மேல் வடம் இழுத்துக் கட்டிய தொழிலாளர்களின் சாகசம் விளங்கும். நினைக்கும்தோறும் என் கைகள் தாமே குவிகின்றன.

1924ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் ரயில் பாதையை அடித்துச் சென்றுவிட்டது. மறுபடி தண்டவாளம் போடப்படவேயில்லை. ஆயினும், ஏலக்காய் மணக்கும் போடிமெட்டுச் சாலையில் ஏறி, மூணாறு வழியாகச் சாவகாசமாகச் சுற்றிச் சென்றால், அந்தப் பழைய நிலையத்தின் சிதைந்த எச்சங்களை டாப் ஸ்டேஷனில் இன்றும் நீங்கள் பார்க்கலாம்.