ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவுசெய்ய: பெட்டி வாங்குமுன் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தில், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வீடுகளில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ரிமோட்டுக்கு இரண்டு மொழிகளில் சண்டை நடக்கும். பாட்டிக்குச் சன் டிவி, பேத்திக்கு ஏசியாநெட். ஒன்றைப் பார்க்கும்போதே மற்றதைப் பதிவுசெய்து வைக்கலாமே என்று செட்டாப் பாக்ஸ் கேட்டுப் போனால், "பென்டிரைவ் குத்தினால் போதும், எல்லாம் ஆகும்" என்று விற்றுவிடுகிறார்கள். வீட்டில் வந்து குத்தினால், பெரும்பாலும் பதிவாகிற சேனலை மட்டும்தான் பார்க்க முடிகிறது.

இதற்குக் காரணம் ட்யூனர், அதாவது வருகிற சிக்னலிலிருந்து சேனலைப் பிடித்துத் தரும் பகுதி. ஆன்டெனா காலத்தில் வி.சி.ஆருக்குள் ஒரு ட்யூனர், டிவிக்குள் இன்னொன்று என்று இருந்ததால், அது ஒரு சேனலைப் பதிவுசெய்ய, இது வேறொன்றைக் காட்டியது. செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு டிவியின் ட்யூனருக்கு வேலையில்லை. சாதாரணப் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றே ஒன்று. 2008இல் வந்த டாடா ஸ்கை பிளஸ் போன்ற பெட்டிகள் இரண்டு ட்யூனர்களோடு, ஒன்றைப் பதிவுசெய்துகொண்டே வேறொன்றைக் காட்டின. ஆகவே கடையில் "ரெக்கார்டு ஆகுமா?" என்று கேட்காதீர்கள். "ஒன்று பதிவாகும்போது வேறு சேனல் பார்க்க முடியுமா, உள்ளே எத்தனை ட்யூனர்?" என்று கேளுங்கள். பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது பெட்டி வைத்துச் சமாளிக்கலாம் என்றால், டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஒரு வயரை ஸ்பிளிட்டர் போட்டு இரண்டாக்கினால் சாதாரணமாக வேலை நடக்காது. எந்தத் துருவமுனைப்பில் (போலரைசேஷன்) வரும் அலைகளை இறக்க வேண்டும் என்று பெட்டிதான் மேலே டிஷ்ஷில் சிக்னல் வாங்கும் எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்பிச் சொல்கிறது. ஒரே வயரில் இரண்டு பெட்டிகள் ஆளுக்கொரு கட்டளை போட்டால் படம் போய்விடும். இரட்டை எல்.என்.பி.யும் இரண்டு தனி வயர்களும் தேவை. கேபிளில் ஸ்பிளிட்டர் போடலாம். ஆனால் இரண்டாவது பெட்டிக்குத் தனிச் சந்தா உண்டு. அதற்கு வேறு சேனல்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 2020இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தந்தது. கட்டணமே வேண்டாமென்றால் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. ஆனால் அதில் நீங்கள் கேட்கிற தொடர் வருமா என்று முதலில் பாருங்கள்.

பதிவுசெய்வது குற்றமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்காக ஒளிபரப்பைப் பதிவுசெய்வதை மீறலாகக் கருதவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1984இல் சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் பற்றிய வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவுசெய்வது நியாயமானதுதான் என்றது. அதையே யூடியூபில் ஏற்றினாலும், பென்டிரைவில் நகலெடுத்து விற்றாலும் கதை மாறிவிடும்: 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது 50,000 ரூபாய் அபராதம். பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைத்தால் 65ஏ பிரிவு வேறு. இன்னொன்று: பல பெட்டிகளில் எடுத்த பதிவு அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும், சந்தா தீர்ந்தால் அதுவும் ஓடாது. காசு கொடுத்து வாங்கிய பொருளில் இப்படியொரு கட்டுப்பாடு இருப்பதை விற்பவர் முன்கூட்டியே சொல்லாதது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

வாங்கிய பெட்டியைக் காப்பாற்றவும் ஒரு வார்த்தை: இடி மின்னல் காலத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் வயரையும் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். ஆனால் மின்னல் தொடங்கிய பிறகு அதைத் தொடப் போகாதீர்கள்.

சொன்னபடி பெட்டி வேலை செய்யவில்லையென்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீரவில்லையா, தீராத புகார்களைக் கவனிக்கும் அவர்களின் நோடல் அதிகாரியிடம் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

எல்லையோரத்தவர்களுக்கு இங்கேதான் நல்ல செய்தி. நம்மில் பலர் பெட்டி வாங்குவது களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ, அதாவது தமிழ்நாட்டில். பழைய சட்டத்தில் அப்படிப்பட்ட வழக்குக்குப் பெரும்பாலும் கடை இருக்கும் மாவட்டத்தின் தலைநகரான நாகர்கோவிலுக்கு அலைய வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் பாறசாலைக்காரர் திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், பில் கையில் இருக்க வேண்டும்.