அவள் சம்பாத்தியம் யாருக்குப் போகும்?

1955-ல் அந்தப் பெண்ணுக்குத் திருமணம். மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை, கணவரைப் பாம்பு கடித்துவிட்டது. துக்கம் ஆறும் முன்பே புகுந்த வீட்டார் அவளை வெளியேற்றினார்கள். தாய்வீட்டுக்குத் திரும்பியவள் படித்தாள், வேலைக்குப் போனாள், சேமித்தாள். 1996-ல் அவள் இறந்தபோது வங்கிக் கணக்குகளிலும் வருங்கால வைப்பு நிதியிலும் பெரும் தொகை இருந்தது. உயில் மட்டும் இல்லை. வளர்த்து ஆளாக்கிய தாய் அந்தப் பணத்துக்கு உரிமை கோரினார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த கணவரின் சகோதரி பிள்ளைகளும் கோரினார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் பணத்தைச் சகோதரி பிள்ளைகளுக்கே கொடுத்தது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தின் வாசகத்தை மாற்ற முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அந்த வாசகம் 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 15-வது பிரிவு. இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் சொத்து முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. அவர்களிலும் யாரும் இல்லாவிட்டால்தான் பெற்ற தாய் தந்தைக்கு. ஆணுக்கு இப்படியில்லை. அவர் உயிலின்றி இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயும் முதல் வரிசை வாரிசு. எல்லோருக்கும் சம பங்கு. ஆக, ஒரே தாய்க்கு மகன் சொத்தில் முதல் வரிசையிலேயே இடம். பிள்ளையில்லாத விதவை மகளின் சொத்தில், சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் பின்னால்.

பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு ஒரு விலக்கு உண்டு. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லாமல் மகள் இறந்தால் அது தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும். அதாவது, அப்பா விட்டுப்போன நிலத்துக்கு இருக்கும் பாதுகாப்பு, அவளே சம்பளத்தில் கடன் கட்டி வாங்கிய ஃபிளாட்டுக்கு இல்லை. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘வாரிசாக’ வந்திருக்க வேண்டும். நம் ஊரில் பல அப்பாக்கள் பின்னால் தகராறு வரக்கூடாது என்று உயிரோடு இருக்கும்போதே மகளுக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் செட்டில்மென்டில் வந்தது வாரிசாக வந்ததாகாது என்பதே நீதிமன்றங்களின் நிலை. அந்த வீடும் மருமகன் வீட்டுப் பக்கம்தான் போகும்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுமைக்கும் அது 2005-ல்தான் வந்தது. பெண் கைக்குச் சொத்து வரும் வழியை இப்படித் திருத்தியவர்கள், அவள் கையிலிருந்து அது போகும் வழியைத் தொடவேயில்லை. சுயசம்பாத்தியம் தொடர்பாக 15-வது பிரிவைத் திருத்தும்படி சட்ட ஆணையம் 2008-ல் தன் 207-வது அறிக்கையில் சொன்னது. அந்த அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் வழக்கமாக வரும் பதில், “அதான் நாமினி போட்டிருக்கேனே!” நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்பவர், அவ்வளவுதான். உரிமையாளர் ஆகமாட்டார். எல்ஐசி பாலிசி வழக்கில் 1984-லும், பங்குகள், மியூச்சுவல் ஃபண்டு வழக்கில் 2023-லும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. (2015 திருத்தத்துக்குப் பின், ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம்.) அம்மா பெயரை வங்கியில் நாமினியாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் மகள், அம்மாவுக்கு எதையும் எழுதி வைத்துவிடவில்லை.

இந்த வரிசையை மாற்ற எளிய வழி உயில். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. என்னென்ன சொத்து, யாருக்கு எது, நிறைவேற்றும் பொறுப்பு யாருக்கு என்று தெளிவாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள்தான் உயிலின் உயிர். குறைந்தது இரண்டு பேர், நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்து, உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் படிக்கத் தேவையில்லை. பிறகு தகராறு என்றால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். எனவே எண்பது வயதுப் பெரியப்பாவை மரியாதைக்காகச் சாட்சியாக்காதீர்கள். உங்களைவிட இளையவராகத் தேடுங்கள். சொத்து பெறுபவர் சாட்சியாக வேண்டாம். உயில் எழுதும் ஏற்பாடுகளில் அவர் முன்னால் நிற்பதும் வேண்டாம். பெரும் பங்கு வாங்குபவரே ஓடியாடி உயில் எழுத வைத்தால் நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 1959 முதல் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கும் வழி அது.

பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. தொலையாது, போலி என்று எளிதில் சொல்ல முடியாது. மனம் மாறினால் வேறு எழுதலாம், எத்தனை முறையும். கடைசியாக எழுதியதே செல்லும். முந்தையது பதிவானதாக இருந்து, பிந்தையது பதிவாகாததாக இருந்தாலும் அப்படித்தான். செட்டில்மென்ட் அப்படியல்ல, எழுதிக் கொடுத்த அன்றே சொத்து கைமாறிவிடும். சென்னை போன்ற சில இடங்களில் உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்துச் சான்று பெறும் ‘ப்ரொபேட்’ கட்டாயம் என்று இருந்ததையும் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளையோ சிறு குழந்தையோ இருக்கும் வீட்டில் உயில் மட்டும் போதாது. மொத்தப் பணமும் ஒரே நாளில் யாரோ ஒருவர் கைக்குப் போகும். அங்கே உயிலின் மூலமே ஒரு தனியார் டிரஸ்ட் அமைக்கலாம். 1882-ம் ஆண்டின் டிரஸ்ட் சட்டம் அனுமதிக்கிறது. சொத்து டிரஸ்டியின் பெயரில் இருக்கும், மாதாமாதம் செலவுக்குப் பணம் பிள்ளைக்குப் போகும். இதை மட்டும் வழக்கறிஞரிடம் கொடுத்து எழுதுங்கள்.

முஸ்லிம்களுக்குச் சட்டம் வேறு: வாரிசுகள் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர்களின் வாரிசுரிமையில் ஆண், பெண் சொத்துக்கு இந்த வேறுபாடு இல்லை.

15-வது பிரிவை எதிர்த்து வந்த ஒரு மனுவில், அது செல்லுமா என்ற கேள்வியை 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்க்காமல் திறந்தே விட்டது. அதோடு பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. நீதிமன்றமே இப்படிச் சொல்ல நேர்ந்த பிறகு சட்டம் திருந்தட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எழுதுங்கள். எழுதியதும், அது எந்த பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை நிறைவேற்றப்போகிறவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.