ஒரே கணினியில் இரண்டு குடித்தனம்

எங்கள் வீட்டுக் கணினி 2015-இல் நேரு பிளேஸில் வாங்கியது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 இதில் கிடையாது. கடைக்காரர் "நயா லே லீஜியே" என்றார். எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கணக்கு வழக்கெல்லாம் டாலியில். அதற்கு விண்டோஸ் வேண்டும். ஆகவே ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் வைத்தேன்: விண்டோஸுக்கு ஒரு போர்ஷன், உபுண்டு லினக்ஸுக்கு ஒன்று. வங்கி, மின்னஞ்சல் எல்லாம் லினக்ஸில். டாலிக்கு மட்டும், இணைய ஒயரைப் பிடுங்கிவிட்டு, விண்டோஸ்.

முதலில் குடியேற வேண்டியவர் விண்டோஸ்தான். பின்னால் வந்தால் வாசலைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்வார். லினக்ஸ் உள்ளேயே இருந்தும் வழி தெரியாது. லினக்ஸ் பின்னால் வந்தால் கிரப் என்ற வாயிற்காப்போனை நிறுத்தும். கணினியைப் போட்டதும் யார் வேண்டும் என்று அது கேட்கும்.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி காலி செய்தேன். (25 போதும்; எனக்குக் கை தாராளம்.) 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'பை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுசாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். அந்த நேரம் லினக்ஸ் அதன் கோப்புகளில் கைவைத்தால் கெட்டுப்போகலாம். புது மடிக்கணினி என்றால் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை முன்னாலேயே தாளில் எழுதி வையுங்கள். துவக்கம் மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்டாலும் கேட்கும்.

எல்லாவற்றையும்விட, நிறுவும்போது வரும் ஒரு திரையில் சற்று நில்லுங்கள். 'விண்டோஸோடு சேர்த்து நிறுவு' என்று ஒன்று, 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவு' என்று ஒன்று. 2007-இல் நடு ராத்திரி, தூக்கக் கலக்கத்தில், முழு வட்டையும் கொடுத்தவன் நான். அம்மா பாடிய தாலாட்டு அதில் இருந்தது. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. அம்மா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் வெளி வட்டில் நகலெடுத்து, நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பார்த்து, அதைக் கழற்றி பீரோவில் வைத்த பிறகுதான் தொடங்கினேன்.

மறுநாள் ஒரு வேடிக்கை. விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியது. லினக்ஸ் கணினிக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. இணையம் இல்லாததால் தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தேன், சரியாயிற்று.