சிவப்புப் பட்டையும் சம்பளப் பட்டியலும்

தேத்தண்ணி ஆறிவிடும் அண்ணே, குடித்துக்கொண்டே கேளுங்கள். எக்செலைத் திறந்தால் மேலே சிவப்புப் பட்டை வருகிறது, உரிமம் இல்லை என்கிறது. பட்டியலைப் பார்க்கலாம், அச்சடிக்கலாம். ஒரு எண்ணைக்கூட மாற்ற முடியவில்லை. சம்பளத்துக்கு முந்தைய வாரம் இப்படி ஆனால் எந்தக் கிராணிக்கும் தலை சுற்றத்தான் செய்யும். பீடோங், பாடாங் செராய், குவாலா கெட்டில் பக்கம் சிறு தோட்டங்களிலும் குத்தகைக்காரர்களிடமும் செக்ரோல் என்ற சம்பளப் பட்டியல் எக்செலில்தான் இருக்கிறது. கோயில் வரவு செலவும் பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கக் கடிதமும் பல இடங்களில் அதே கணினியில்தான் கிடக்கின்றன.

கணக்கு நம்முடையது, எதற்கு நம்மைப் பூட்டி வைக்கிறான் என்று கேட்டீர்கள். லயத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாமான் நம்முடையது, வீடு தோட்டத்துடையது. இருக்கலாம் என்ற அனுமதி இருக்கும்வரை இருந்தோம். உங்கள் கோப்பு அந்தச் சாமான். மென்பொருளில் நீங்கள் வாங்கியது அனுமதி மட்டுமே. 2001இல் எக்செலும் அடங்கிய ஆபிஸ் எக்ஸ்பி வந்தபோது, 25 எழுத்துக் குறியீட்டைப் போட்டு நிறுவனத்திடம் பதிவு செய்தால்தான் முழுதாக வேலை செய்யும் என்ற முறையை மைக்ரோசாஃப்ட் பரவலாகக் கொண்டுவந்தது. அனுமதி எந்த வகை என்று தெரிந்தால் எங்கே அறுந்தது என்றும் தெரிந்துவிடும்.

முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினியில் உள்ளே இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும், பதிவு நடக்காது. சில ரிங்கிட் செலவில் தீர்கிற விஷயம் இது. அதற்கடுத்து, மடிக்கணினியோடு ஒரு வருடச் சந்தா வந்ததா என்று பாருங்கள். அது முடிந்த பிறகு கடைக்காரர் வேறொரு ஆபிஸை அதன்மேல் போட்டிருந்தால், பழைய உரிமமும் புதியதும் மோதிக்கொள்ளும். பழையதை முழுதாக நீக்கிவிட்டுப் புதியதை மறுபடி போட வேண்டும். சந்தா வகை மாதத்துக்கு ஒரு முறையாவது இணையத்தில் போய்த் தன் உரிமத்தைச் சரிபார்க்கும். தோட்டத்து உள்பகுதியில் லைன் கிடைக்காத அலுவலகத்துக்கு அது பெரிய தொல்லை.

நான் அதிகம் பார்த்தது இன்னொன்று. சங்கத்துப் பணத்தில் வாங்கியிருப்பார்கள், பதிவு செய்தது முன்னாள் செயலாளரின் சொந்த மின்னஞ்சலில். அவர் ஜொகூருக்குப் போய்விட்டார், அல்லது தவறிவிட்டார். உரிமம் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. ஆகவே கோயிலானாலும் சங்கமானாலும் அதன் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லை எழுதி உறையில் போட்டு, தலைவரிடமும் பொருளாளரிடமும் கொடுத்து வையுங்கள்.

இனி மலிவு விலைக் குறியீடுகளைப் பற்றி. இணையச் சந்தையில் இருபது முப்பது ரிங்கிட்டுக்கு ஆயுள் உரிமம் என்று விற்பதில் பல, பெரிய நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் மொத்தமாகக் கொடுத்த குறியீடுகள். கண்டுபிடித்து முடக்கிவிட்டால் உங்கள் காசு போனதுதான். மொத்த உரிமத்தில் இன்னொரு முறை உண்டு. நிறுவனத்துக்குள்ளேயே ஒரு சர்வர் இருக்கும், 180 நாளுக்குள் கணினி அதைத் தொடர்புகொண்டு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். கடையில் ‘ஆக்டிவேட்’ பண்ணித் தருகிறோம் என்பவர்கள் பெரும்பாலும் கணினிக்குள் பொய்யாக அப்படி ஒரு சர்வரை நட்டுவிடுகிறார்கள். ஒரு புதுப்பிப்பு வந்து அது கலைந்தால் சிவப்புப் பட்டை திரும்பி வரும்.

அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள் அண்ணே. நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவில், தொழிலுக்காகத் திருட்டுப் பிரதி வைத்திருந்தால் பிரதி ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். அந்தப் பொய்ச் சர்வரை நடும் கருவியைப் போட முதலில் ஆண்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். அதே கணினியில்தான் நம் ஆட்களின் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. வெட்டுமரத்துக்குப் போய் உழைத்தவர்களின் விவரம் அது. யாரோ செய்த கருவியிடம் அதைத் திறந்துவிட நமக்கு உரிமை கிடையாது.

முறையான உரிமத்தைக் காசு கொடுத்தே வாங்கலாம். ஆபிஸ் 2016க்கும் 2019க்கும் 2025 அக்டோபர் 14உடன் ஆதரவு முடிந்துவிட்டது. வேலை செய்யும், பாதுகாப்புத் திருத்தம் வராது. ஆகவே பழையதைத் தேடி வாங்க வேண்டாம். ஆனால் உங்களுக்கு அவ்வளவு தேவையா என்பதுதான் என் கேள்வி. லிப்ரே ஆபிஸ் என்று ஒன்று இருக்கிறது. இலவசம், குறியீடு கேட்காது, இணையம் இல்லாமலே ஓடும், எத்தனை கணினியிலும் போடலாம். ஓப்பன் ஆபிஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிலிருந்து 2010இல் பிரிந்து வளர்ந்தது இது. பழைய பெயரில் இன்னும் ஒன்று கிடைக்கிறது, அதன் வளர்ச்சி மிக மெதுவாகிவிட்டது, லிப்ரேயையே எடுங்கள்.

இலவசம் என்றால் மட்டம் என்ற சந்தேகம் வேண்டாம். நம் அரசாங்கமே இந்த வழியில் நடந்திருக்கிறது. பிரதமர் துறையின் கீழ் இருந்த மாம்பு என்ற அமைப்பு, 2004 ஜூலையில் அரசுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. அரசு அலுவலகங்களில் ஓப்பன் ஆபிஸ் வந்ததும், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் அந்தத் திட்டத்தில்தான். தமிழ்நாட்டில் அரசின் எல்காட் நிறுவனம் உமாசங்கர் ஐஏஎஸ் பொறுப்பில் இருந்தபோது லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாறியது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபிஸுக்கு மாற்றுவதாக 2024இல் அறிவித்தது.

மாறும்போது சிக்கலே வராது என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் செக்ரோலில் பட்டனைத் தட்டினால் தானாகக் கணக்குப் போடும் மேக்ரோ இருந்தால், அது அப்படியே ஓடாமல் போகலாம். வெறும் கூட்டல் பெருக்கல், சம்இஃப், விலுக்கப் போன்ற சூத்திரங்கள் என்றால் பயமில்லை. சேமிக்கும்போது அது தன் சொந்த வடிவத்தில் சேமிக்கப் பார்க்கும். எப்போதும் எக்செல் வடிவத்தில் சேமி என்று அமைப்பில் ஒருமுறை மாற்றிவிடுங்கள். வெளியே போகும் கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், வரி தள்ளிப்போன புகார் வராது.

ஐசி எண்ணில் ஒரு பொறி இருக்கிறது, அதைக் கவனமாகக் கேளுங்கள். 2000க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது வேலைக்கு வருகிறார்கள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு ஐசி எண் பூஜ்ஜியத்தில் தொடங்கும். சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரே திறந்தால் முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் விழுந்துவிடும், பன்னிரண்டு இலக்கம் பதினொன்றாகவோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடும். அப்படியே சேமித்து கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) சந்தாவுக்கு அனுப்பினால் எண் பொருந்தாது. லிப்ரேயில் சிஎஸ்வியைத் திறந்தால் ஒவ்வொரு பத்தியும் என்ன வகை என்று முதலிலேயே கேட்கும். ஐசி, வங்கிக் கணக்கு இரண்டையும் ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துவிட்டால் பூஜ்ஜியம் இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே சம்பளப் பட்டியலுக்கு அதை நான் விரும்புகிறேன்.

தமிழ் வருமா என்றால், தாராளமாக வரும். முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சலில் தட்டினாலும் விண்டோஸின் விசைப்பலகையில் தட்டினாலும் யூனிகோடு எழுத்து இரண்டு இடத்திலும் ஒன்றே. பழைய திருவிழா நோட்டீஸ்கள்தான் தகராறு செய்யும். யூனிகோடு பரவும் முன் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எதில் திறந்தாலும் கிறுக்கலாகத்தான் தெரியும். அதனால் கணினியை ‘ஃபார்மட்’ பண்ணக் கொடுக்கும் முன் பழைய எழுத்துருக்களையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவியில் அவற்றை யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் மருமகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை அல்லவா? டெலிமா கற்றல் தளத்தின் கணக்கிலேயே கூகுளும் மைக்ரோசாஃப்டும் இணையத்தில் கிடைக்கும், பள்ளி வேலைக்கு அவர் எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் கோயில் கணக்கை அதில் ஏற்றச் சொல்லாதீர்கள். அது கல்வி அமைச்சு கொடுத்த கணக்கு.

இந்த மாதச் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம். போன மாதப் பட்டியலின் நகலை லிப்ரேயில் திறந்து, ஒவ்வொரு ஆளின் நிகரச் சம்பளத்தையும் கையெழுத்து வாங்கிய தாளோடு ஒத்துப் பாருங்கள். சென் வரைக்கும் ஒத்துவந்தால் அடுத்த மாதம் அதிலேயே போடுங்கள். ஒத்துவராத வரியை மஞ்சள் அடித்து வையுங்கள். வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை, காலையிலேயே வந்துவிடுகிறேன், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.