லேபிளைப் படியுங்கள், கரண்ட் கணக்கைப் போடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கின்றனர். ஆனால் சார்ஜரின் அடியிலும் யு.பி.எஸ். பின்புறத்திலும் ஒட்டப்பட்டிருக்கும் சிறிய லேபிளை யாரும் படிப்பதில்லை. பின்னர்தான் என்னிடம் கேள்விகள் வருகின்றன. வேறு சார்ஜர் போடலாமா? யு.பி.எஸ். ஏன் கத்துகிறது? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஏன் சுடுகிறது? இந்த மூன்றுக்கும் விடை இரண்டு எளிய சூத்திரங்களில் இருக்கிறது. அவற்றை இங்கு காணலாம்.

இரண்டே சூத்திரங்கள்

மொட்டை மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டியின் உயரம் தரும் அழுத்தம்தான் வோல்ட்டேஜ். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு கரண்ட். இதனை ஆம்ப்பியரில் அளக்கிறோம். குழாய் குறுகலாக இருந்தால் ஏற்படும் தடைதான் ரெசிஸ்டன்ஸ். இதன் அளவு ஓம். ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827ல் இந்த மூன்றுக்கும் உள்ள உறவை வெளியிட்டார்.

ரெசிஸ்டன்ஸ் = வோல்ட் ÷ ஆம்ப்பியர்
பவர் (வாட்ஸ்) = வோல்ட் x ஆம்ப்பியர்

ஓர் எடுத்துக்காட்டு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் எவ்வளவு கரண்ட் எடுக்கும்? 1000 ÷ 230 = 4.35 ஆம்ப்பியர். சூடாக இருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் 230 ÷ 4.35, அதாவது ஏறத்தாழ 53 ஓம். கம்ப்யூட்டருக்கு இப்படி ஒரு நிலையான ரெசிஸ்டன்ஸ் கிடையாது. செய்யும் வேலைக்கேற்ப அது எடுக்கும் கரண்ட் மாறிக்கொண்டே இருக்கும்.

சார்ஜர் லேபிள்

லேப்டாப் சார்ஜரில் அவுட்புட் 19.5 வோல்ட், 3.34 ஆம்ப்பியர் என்று இருந்தால், இரண்டையும் பெருக்குங்கள். 65 வாட்ஸ் வரும். மாற்று சார்ஜர் வாங்கும்போது வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்ப்பியர் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். கூடுதல் ஆம்ப்பியர் லேப்டாப்புக்குள் தானாகப் பாயாது. தேவையானதை மட்டுமே லேப்டாப் எடுத்துக் கொள்ளும். ஆம்ப்பியர் குறைவாக இருந்தால் சார்ஜர் சூடாகும், அல்லது பேட்டரி ஏறாது. பின்னும் அதன் பிளஸ், மைனஸ் அமைப்பும் பொருந்த வேண்டும்.

டைப்-சி சார்ஜரில் பல வோல்ட் அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். 5 வோல்ட், 3 ஆம்ப்பியர் என்றால் 15 வாட்ஸ். 20 வோல்ட், 3.25 ஆம்ப்பியர் என்றால் 65 வாட்ஸ். எந்த அளவு வேண்டும் என்பதை சாதனமும் சார்ஜரும் தமக்குள் பேசி முடிவு செய்து கொள்கின்றன.

ஓர் எச்சரிக்கை. லேபிளில் இன்புட் 100-240 வோல்ட், 1.7 ஆம்ப்பியர் என்று இருப்பதைப் பார்த்து 230ஐயும் 1.7ஐயும் பெருக்கி, 391 வாட்ஸ் செலவாகிறதே என்று பதற வேண்டாம். குறைந்த வோல்ட்டேஜிலும் தாண்டாத உச்ச அளவு அது.

யு.பி.எஸ்.: வி.ஏ. வேறு, வாட்ஸ் வேறு

600 வி.ஏ. யு.பி.எஸ். 600 வாட்ஸ் தாங்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். ஏ.சி. மின்சாரத்தில் வோல்ட்டையும் ஆம்ப்பியரையும் பெருக்கினால் கிடைப்பது வி.ஏ. அதனைப் பவர் ஃபேக்டரால் பெருக்கினால்தான் வாட்ஸ். 600 வி.ஏ. யு.பி.எஸ். பலவற்றில் 360 வாட்ஸ் என்றும் எழுதியிருக்கும். கணக்கில் கொள்ள வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான். மானிட்டருடன் சேர்த்து 150 வாட்ஸ் எடுக்கும் கம்ப்யூட்டரை இது எளிதில் தாங்கும். அதே யு.பி.எஸ்.ஸில் லேசர் பிரிண்டரையும் செருகினால், அச்சடிக்கத் தொடங்கும்போதே அது கத்தும்.

கண்ணுக்குத் தெரியாத அரை ஓம்

இதுதான் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. வயரிலும் பிளக்கிலும் கூட ரெசிஸ்டன்ஸ் உண்டு. அங்கு உண்டாகும் சூட்டை இப்படிக் கணக்கிடலாம்: ஆம்ப்பியர் x ஆம்ப்பியர் x ஓம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் லூசான ஓர் இணைப்பு அரை ஓம் தடை தருவதாகக் கொள்வோம். கம்ப்யூட்டர் மட்டும் ஓடினால் கரண்ட் 0.65 ஆம்ப்பியர்; சூடு 0.2 வாட்ஸ்தான். ஒன்றும் தெரியாது. அயர்ன் பாக்ஸைச் செருகினால் சூடு 9.5 வாட்ஸ். 2000 வாட்ஸ் ஹீட்டரைச் செருகினால் கரண்ட் 8.7 ஆம்ப்பியர், சூடு ஏறத்தாழ 38 வாட்ஸ். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்ஸ்தான். அதைவிடக் கூடுதலான சூடு ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தால் என்ன ஆகும்?

இங்கு எம்.சி.பி. நம்மைக் காப்பாற்றாது. கரண்ட் கூடினால்தான் அது விழும். லூசான இணைப்பால் கரண்ட் கூடுவதில்லை. வோல்ட்டேஜும் நான்கைந்து வோல்ட்தான் குறையும் என்பதால் ஹீட்டர் வழக்கம்போல் வேலை செய்யும். பிளக் பழுப்பு நிறமாவதும், கருகிய வாடையும், தொட்டால் சுடுவதும்தான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. அவற்றைக் கண்டால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அந்தப் பெட்டியையே மாற்றி விடுங்கள்.

பெட்டியின் அளவையும் பாருங்கள். 6 ஆம்ப்பியர் என்றால் 6 x 230 = 1380 வாட்ஸ். செருகியுள்ள எல்லாவற்றின் வாட்ஸையும் கூட்டினால் இதைத் தாண்டக் கூடாது. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போன்றவற்றைக் கம்ப்யூட்டர் பெட்டியில் செருகவே வேண்டாம்.

மின் கட்டணம்

1000 வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 150 வாட்ஸ் கம்ப்யூட்டர் தினமும் 8 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட், 30 நாட்களுக்கு 36 யூனிட்.

இந்தக் கணக்குகளுக்கு லேபிளும் கால்குலேட்டரும் போதும். மல்ட்டி மீட்டரை வைத்து வீட்டு மின்சாரத்தை அளக்கப் பழக வேண்டாம். அதனை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். இன்றே உங்கள் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் குனிந்து, அந்தப் பெட்டியில் என்னென்ன செருகப்பட்டுள்ளது என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.