கண்டதும் சுடு!

நண்பர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று வையுங்கள். ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாகப் பார்க்கப் போகிறீர்கள். "உள்ளே போகக்கூடாது சார்" என்று வாசலிலேயே மடக்குகிறார்கள். தொற்று வியாதியா? ஊஹூம். ஜுரம்கூட இல்லை. மனுஷர் உள்ளே ஜம்மென்று உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ஆனால், கதிர் வீசிக்கொண்டிருக்கிறார்!

காலையில் விழுங்கிய ஒரு மாத்திரையின் வேலை அது. உள்ளே இருந்தது அயோடின்-131.

தைராய்டுக்கு அயோடின் என்றால் உயிர். உப்பு, மீன் என்று எதில் வந்தாலும் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளும். வருவது சாதா அயோடினா, கதிரியக்க அயோடினா என்று பார்க்கத் தெரியாது. தைராய்டு கான்சர் செல்கள் பலவற்றுக்கும் இந்தப் பிறந்த வீட்டுப் பழக்கம் விடுவதில்லை. நுரையீரலுக்கோ எலும்புக்கோ குடிபோனாலும் அயோடினைத் தேடி வாங்கும். மாட்டிக்கொள்ளும்.

அயோடின்-131 இரண்டு விதமான கதிர் விடுகிறது. காமா கதிர் உடம்பைத் துளைத்து வெளியே வந்து, எதிரி எங்கெங்கே ஒளிந்திருக்கிறான் என்று காமிராவுக்குக் காட்டிக்கொடுக்கும். பீட்டா கதிர் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் சக்தியையெல்லாம் கொட்டி, இருக்கும் இடத்திலேயே தீர்த்துக்கட்டும். சி.ஐ.டி.யும் அவரே, துப்பாக்கி வைத்திருப்பவரும் அவரே. இதற்கு இப்போது தெரநாஸ்டிக்ஸ் என்று ஸ்டைலாகப் பெயர். விஷயம் என்னவோ பழசு.

1936 நவம்பர் 12. பாஸ்டனில் எம்.ஐ.டி.யின் தலைவர் கார்ல் காம்ப்டன், பௌதிகம் வைத்தியத்துக்கு என்ன செய்யும் என்று டாக்டர்களிடம் பேசினார். ஸால் ஹெர்ட்ஸ் என்ற இளம் டாக்டர், அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கமாக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. முதலில் முயல்கள். 1941 மார்ச்சில் மனிதர்கள். அது கான்சருக்கு அல்ல, ஓவர்டைம் பார்க்கும் தைராய்டை அடக்க.

கான்சர் கதை இன்னும் சுவாரஸ்யம். நியூயார்க்கில் சாமுவேல் ஸீட்லின் என்ற டாக்டரிடம் ஒருவர் வந்தார். தைராய்டை எப்போதோ எடுத்தாகிவிட்டது. ஆனாலும் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் அறிகுறிகள் அத்தனையும் இருந்தன. சுரப்பியே இல்லை, சுரப்பது யார்? 1943-ல் கதிரியக்க அயோடின் கொடுத்து, கெய்கர் கவுன்ட்டரை உடம்பு முழுக்க நகர்த்திப் பார்த்தார்கள். கழுத்தை விட்டு எங்கெங்கோ டிக் டிக்கென்று அடித்தது. கான்சர் ஓடிப்போன இடங்கள்! அதே அயோடினை வைத்தே அங்கே அடித்தார்கள். 1946-ல் உலகத்துக்குச் சொன்னார்கள்.

எல்லாக் கான்சருக்கும் அயோடின் பிடிக்காதே? பிராஸ்டேட் கான்சர் செல்லின் மேல் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் நிறைய இருக்கும். அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறில் முதலில் காலியம்-68 ஏற்றி ஸ்கேன். 68 நிமிஷத்தில் பாதி தீர்ந்துவிடும் சரக்கு. இடம் தெரிந்ததும், அதே மாதிரி வண்டியில் லுட்டீஷியம்-177. அமெரிக்கா இதற்கு 2022 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. லுட்டீஷியம் நம்ம டிராம்பே துருவா அணு உலையிலும் தயாராகிறது.

ரொம்பவும் துள்ள வேண்டாம். எச்சில் சுரப்பிகளும் இந்த மருந்தை இழுத்துக்கொள்ளும், வாய் வறண்டுபோகும். சில தைராய்டு கான்சர்கள் நாளடைவில் அயோடினையே மறந்துவிடுகின்றன. படத்தில் பளிச்சென்று தெரியாததை இந்தத் துப்பாக்கியால் சுட முடியாது. மாத்திரை வீண். டாக்டர் வேறு வழிதான் பார்க்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்குப் படத்தில் கறுப்புப் புள்ளி விழுந்தால் ஒருவகையில் நிம்மதி என்பது விசித்திரம்தான்.

நண்பர் விஷயத்துக்கு வருவோம். அவருக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருப்பார்கள். அவருடைய டாய்லெட் தண்ணீர்கூட நேரே சாக்கடைக்குப் போகாது. தனித் தொட்டியில் தேங்கி, வீரியம் குறைந்த பிறகுதான் வெளியே. எட்டு நாளில் பாதி, அடுத்த எட்டில் அதில் பாதி. சில நாளில் மீட்டர் வைத்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்புவார்கள். குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்ச மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும்.

சாத்துக்குடியை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போன் பண்ணிப் பேசுங்கள். பாவம், பேப்பரை மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருப்பார்.