நோயாளியின் இல்லமும் மருத்துவ சமூகப் பணியாளரும்

2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஆரோக்கியவரத்தில் 1915-ஆம் ஆண்டு காசநோய் சானடோரியம் திறக்கப்பட்டது. நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, தூய காற்றும் ஓய்வும் நல்லுணவும் அளிப்பதே அக்காலத்துச் சிகிச்சை. 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் ஆராய்ச்சி இம்முறையை மாற்றியது. மருந்தை ஒழுங்காக உட்கொள்வோர்க்கு வீட்டுச் சிகிச்சையும் சானடோரியச் சிகிச்சைக்கு ஏறக்குறைய இணையான பலனைத் தரும் என்பது 1959-இல் வெளியான முடிவுகளால் தெளிவாயிற்று. அதன்பின், வீட்டில் மருந்து ஏன் நின்றுபோகிறது என்று அறிவதும் சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று.

இதனை அறிந்து ஆவன செய்பவரே மருத்துவ சமூகப் பணியாளர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பொது மருத்துவமனை ஒன்றில் 1905-இல் டாக்டர் ரிச்சர்டு காபட் இப்பணியைத் தொடங்கி வைத்தார். நம் நாட்டில் 1936-இல் பம்பாயில் நிறுவப்பட்ட டாட்டா கல்விக்கூடம் சமூகப் பணிக்கு முறையான பயிற்சியை அளிக்கலாயிற்று. 1946-இல் அந்நகரின் ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார். மனநலத் துறையில் பணிபுரிபவர் சமூகப் பணியில் முதுகலைப் பட்டமும், மேற்பார்வையுடன் கூடிய ஈராண்டு முழுநேர எம்.பில். பயிற்சியும் பெற்றிருத்தல் வேண்டும் என 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வரையறுத்தது. திருப்பதியில் 1983-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்திலும் சமூகப் பணிக் கல்வி கற்பிக்கப்படுகிறது.

இவர் பணிபுரியும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சித்தூரை அடுத்த ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் தினக்கூலி பெறும் பெண் ஒருத்தி, மனச்சோர்வு நோய்க்கான மாத்திரைகளை இடையில் நிறுத்திவிட்டாள் எனக் கொள்வோம். "ஏன் நிறுத்தினாய்?" என்று கண்டித்தால் அவள் மறுமுறை வரமாட்டாள். சமூகப் பணியாளரோ அவளுடைய ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பதை முதலில் கேட்கிறார். வீட்டில் தமிழ் பேசுபவளாயின் தமிழிலேயே பேசுகிறார். சிகிச்சைக்கு வரும் நாளில் கூலி போய்விடுகிறது. மாத்திரையால் காலையில் மயக்கம் வருகிறது. மாமியார் இதனை நோயென ஏற்கவில்லை. இம்மூன்று காரணங்களும் இவ்வாறே வெளிப்படுகின்றன. மயக்கத்தை மருத்துவருக்குத் தெரிவித்து, மருந்தை மாற்ற இயலுமா என்று கேட்கிறார். கூலி கெடாத நாளொன்றை நாடுகிறார். அவள் இசைந்தால் மட்டுமே மாமியாரைச் சந்திக்கிறார்.

அவள் கூறியவற்றை இரகசியமாகக் காத்தலும், முடிவை அவளிடமே விடுதலும் இப்பணியின் விதிகள். ஆயினும் உயிருக்கு ஆபத்து நேரும் எனத் தோன்றினால் மருத்துவருக்கு உடனே அறிவித்தாக வேண்டும். வறுமை, கடன் முதலியவற்றை இவர் தனியே நீக்கிவிட இயலாது. உரிய அரசு உதவிகளைப் பெற வழிகாட்டுவார்.

களப்பணியாளரும் ஆசிரியரும் இம்முறையிலிருந்து கற்கத்தக்கன உள. அடிக்கடி பள்ளிக்கு வராத சிறுவனின் தாய் நோயுற்றிருக்கக்கூடும். தண்டிக்குமுன் வீட்டு நிலையை விசாரித்தல் நலம். மருந்தை நிறுத்தியவரிடம் காரணத்தைப் பொறுமையுடன் கேட்டு, மருத்துவமனைக்குத் தெரிவித்தல் வேண்டும். நோயைப்பற்றித் தாமே முடிவு கூறுதலும், கேட்டதைப் பிறரிடம் சொல்லுதலும் ஆகா. மனநல ஆலோசனைக்கு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அந்த எண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தல் எவரும் இன்றே செய்யக்கூடிய உதவியாகும்.